நாக மூலையில் ஊற்றிய நீர்

எங்கள் கால்பந்துக் கழகத்தின் பயிற்சித் திடலில் இப்போது இலக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒரு படக்கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். புதிதாகச் சேர வந்தவன் எவ்வளவு தொலைவு ஓடினான், எந்தக் காலால் உதைத்தான், பந்தை எங்கே இழந்தான் என்பதையெல்லாம் பின்னர் கணினித் திரையில் போட்டுப் பார்க்கிறார்கள். நான் ஓய்வுபெற்று விடைபெறச் சென்ற அன்று, இளைய பயிற்சியாளர்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, "இதெல்லாம் இல்லாம எப்படி ஆள் எடுத்தீங்க, சயா?" என்று கேட்டார்கள். சயா என்பது ஆசிரியரை அழைக்கும் பர்மியச் சொல். யாங்கோனில் நாங்கள் தமிழில் பேசும்போதும் அதுதான் முதலில் வாயில் வரும்.

அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். கேள்வி நியாயமானது என்பதால் இங்கே விடை எழுதுகிறேன். அவர்கள் எதிர்பார்த்த விடையாக இது இராது.

நான் யாங்கோனின் தாமுவேயில் பிறந்தவன். ஓர் அரசுத் துறையின் அணியில் இடப்புறக் காப்பாளனாக ஆடினேன். எண்பத்தெட்டில் மக்கள் கிளர்ச்சியால் நகரம் கலங்கியது. திடல்களில் புல் முழங்காலுக்கு வளர்ந்தது. மீண்டும் பந்து உருண்டபோது என் இடத்தில் வேறொருவன் நின்றான். துறை என்னை வெளியேற்றவில்லை. காலணிகளைக் காக்கும் வேலையைக் கொடுத்தது. அந்த அறைக்கு அடுத்த அறையில் அமர்ந்திருந்தவர் ஊ சான் ட்வே. புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவருடையது. ஒருநாள் என்னை அழைத்து, "கோ நாதன், உனக்குக் கண் இருக்கு. சும்மா செருப்பைத் துடைச்சிக்கிட்டு ஏன் இருக்கே?" என்றார். பெரியவருக்கு ஊ, இளையவனுக்குக் கோ என்று பெயருக்கு முன் சேர்ப்பது பர்மிய மரியாதை. அன்று முதல் அவருடைய உதவியாளன் ஆனேன். பயிற்சி என்று தனியாக ஒன்றும் இல்லை. அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன், அவ்வளவே.

அவர் பார்த்த பக்கத்தில் பெரும்பாலும் பந்து இருக்காது. தேர்வு மழைக்காலத்தில்தான் நடக்கும். இலக்குக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் அமர்ந்து, குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொள்வார். வாயில் வெற்றிலை இருக்கும். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆட்டத்தை நிறுத்த வேண்டுமென்றால் விரல் முட்டியால் வாளியைத் தட்டுவார். மழை இரைச்சலிலும் அந்த ஒலி அத்தனை பேருக்கும் கேட்டது வியப்புத்தான். பந்தை இழந்தவன் இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்க்கிறானா, திரும்பி ஓடுகிறானா என்பதைப் பார்ப்பார். பந்து தன்னிடம் வருவதற்கு முன் ஒருவன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை வீசுகிறானா என்பதைப் பார்ப்பார். கோல் விழுந்ததும் எல்லாரும் அடித்தவனைக் கட்டிப்பிடிக்க ஓடுவார்கள். அவர் கண் மறுமுனையில், தன் இலக்குக் காவலனிடம் எவன் போய் நிற்கிறான் என்று தேடும்.

வருகிற இளைஞர்களில் பெரும்பாலோர் அதுவரை வெறுங்காலிலோ ரப்பர்க் காலணியிலோ ஆடியவர்கள். அடியில் முள் வைத்த தோல் காலணியைத் தேர்வின்போது நாங்கள் கொடுத்த பிறகுதான் முதன்முதலாக அணிவார்கள். ஆகவே தொடக்கத்தில் அவர்கள் தடுமாறுவதை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. காலணி காலுக்குப் பழகிக் குதிகாலில் கொப்புளம் உடைந்து காய்ந்த பிறகே எங்கள் தேர்வு உண்மையில் தொடங்கும்.

முடிவை அறிவிக்கும் முறையும் அவருடையதே. பெயர்களைப் படித்து யாரையும் நாணச் செய்ய மாட்டார். கடைசி நாள் மாலையில் திடலோரம் ஒரு சணல் சாக்கு விரிந்திருக்கும். ஒவ்வொருவராக அவர்முன் வருவார்கள். எடுத்துக்கொள்ளப்பட்டவனிடம், "காலணியை வீட்டுக்குக் கொண்டு போ" என்பார். மற்றவனிடம், "சாக்கில போட்டுடு, தம்பி" என்பார். ஏன் என்று அவரும் சொல்ல மாட்டார். யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அந்தக் கடைசி நாள் விடியற்காலையில் இளைஞர்களை அருகிலிருந்த பகோடா எனப்படும் ஒரு சிறிய புத்தர் கோயிலுக்குக் கூட்டிச் செல்வார். பர்மியப் பகோடாவைச் சுற்றிலும் கிழமைக்கு ஒன்றாகக் கோள்களின் மூலைகள் இருக்கும். புதன்கிழமைக்கு மட்டும் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு புத்தர் உருவம், அதன் காலடியில் அந்தக் கிழமைக்குரிய விலங்கு. எந்தக் கிழமையில் பிறந்தோமோ அந்த மூலையில் நீர் ஊற்றி வழிபடுவது இந்நாட்டு மரபு. நான் ஒருமுறையும் உடன் சென்றதில்லை. அந்த வேளையில் இறுதி ஆட்டத்துக்குக் காலணிகளைத் துடைத்து இணை சேர்த்து வைப்பது என் பணி. அவர் பக்திமான்; பிள்ளைகளுக்கு நல்லது நடக்கட்டும் என்று அழைத்துப் போகிறார் என்றே எண்ணியிருந்தேன்.

துறை அணிகளின் காலம் போய்த் தொழில்முறைப் போட்டித் தொடர் வந்தது. ஒரு செல்வர் தொடங்கிய கழகம் எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டது. முதல் ஆண்டிலேயே புதுமுகங்களின் வகுப்பு ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்கள். இருபது வயதுக்கு உட்பட்டவர்களை மட்டுமே எடுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் வளர்த்து முதல் அணிக்கு ஏற்ற வேண்டும் என்பது திட்டம். வயதில் பொய் கண்டால் கழகத்துக்குக் கேடு. தம்பியின் அடையாள அட்டையை எடுத்து வந்து அண்ணன் ஆடுவது எங்கள் தொழிலின் பழைய நோய். பார்வையால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. வறுமையில் வளர்ந்த உடல் இளையதாகவும் தெரியும், முதியதாகவும் தெரியும்.

அந்த வகுப்புக்கு யாங்கோனுக்கு வடக்கேயுள்ள மாவ்பியிலிருந்து ஒருவன் வந்தான். அட்டையில் மியோ மின் என்று இருந்தது. வீட்டில் அழைக்கும் பெயர் செல்வம். தந்தை பர்மியர், இறந்துவிட்டார்; தாய் தமிழச்சி, சந்தையில் கீரையும் கறிவேப்பிலையும் விற்கிறார். தாய் வளர்ப்பு என்பதால் அவன் தமிழ் தடையில்லாமல் வந்தது. நான் தமிழன் என்று அறிந்ததும் வந்து நின்று, "அண்ணே, எங்கம்மா உங்களுக்குக் கும்பிடு சொல்லச் சொல்லிச்சு" என்றான்.

"என்னைத் தெரியுமா உங்கம்மாவுக்கு?"

"தெரியாது. அங்க தமிழாளு யாராச்சும் இருந்தா சொல்லுன்னுச்சு."

நடுக்களத்தில் ஆடினான். நீர் தேங்கிய திடலில் பந்து உருளாது. நான்கு அடி போய் நின்றுவிடும். மற்றவர்கள் அதை இன்னும் வலுவாக உதைத்தார்கள். அவன் கால்விரல் நுனியால் பந்தைக் குட்டைக்கு மேலாகத் தூக்கி, தோழனின் காலடியில் விழும்படி வைத்தான். பிரம்பால் பின்னிய பந்தைத் தரையில் விழாமல் தட்டும் பர்மிய ஆட்டத்தில் பழகிய கால் அது என்று கண்டதும் தெரிந்தது. ஆனால் பிரம்புப் பந்துக்காரர்களுக்கு இயல்பான வித்தை காட்டும் பழக்கம் அவனிடம் இல்லை. பந்தை இழந்தால் முகம் மாறாமல் திரும்பி ஓடினான். எதிரணி கோல் அடித்த ஒவ்வொரு முறையும் காவலனிடம் போய் நின்றவன் அவன் ஒருவனே. அந்த வகுப்பில் மட்டுமன்று, அத்தனை ஆண்டுகளில் நான் கண்ட புதுமுகங்களிலேயே அவனைத்தான் முதலில் வைப்பேன்.

ஒரே ஒரு தொல்லை: அவன் தாடி. மழித்த மறுநாளே தாடை கறுத்துவிடும். நம்மவர்களுக்கு அது இயல்பு. மழமழவென்ற முகங்களுக்கு நடுவே அவன் ஒரு தகப்பனைப் போல நின்றான். மற்றவர்கள் விடுவார்களா?

"ஊலே!" என்று மாமன் முறை வைத்துக் கூவினான் டாலாவிலிருந்து வந்த ஒரு குறும்பன். "பேரப்பிள்ளைங்க எல்லாம் நலமா?"

"நலம்டா" என்றான் செல்வம், காலணி முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "பெரிய பேத்திக்கு மாப்பிள்ளை பாக்கறேன். உன்னை நினைச்சேன். அப்புறம் நீ பந்து தடுக்கற அழகைப் பாத்துட்டு வேணாம்னுட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். வாளியின்மேல் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கண்டேன். ஒரு பெரியவர் இளைஞனைக் கூர்ந்து பார்க்கிறார் என்பதற்குமேல் அதில் பொருள் காணவில்லை.

கடைசி நாள் வந்தது. காலையில் பகோடாவுக்குப் போய் வந்தார்கள். நண்பகலில் இறுதி ஆட்டம். செல்வம் அன்று எப்படி ஆடினான் என்பதை எழுத என்னால் ஆகும்; எழுதிப் பயனில்லை. மாலையில் சாக்கு விரிந்தது. டாலாக் குறும்பன் காலணியை மார்போடு அணைத்துக்கொண்டு துள்ளி ஓடினான். செல்வத்தின் முறை வந்தது. அவன் முகத்தில் அச்சமே இல்லை. எனக்கும் இல்லை.

"சாக்கில போட்டுடு, தம்பி."

அவன் முதலில் சிரித்தான், கேலி என்று நினைத்துவிட்டான் போலும். பிறகு குனிந்து முடிச்சுகளை அவிழ்த்தான். ஈரத்தில் இறுகிப்போன முடிச்சுகள், நேரமாயிற்று. வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். காலணியின் அடியில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டித் துடைத்த பிறகே சாக்கில் வைத்தான். மற்றவர்களைப் போல எறியவில்லை, வைத்தான்.

வெறுங்காலோடு என்னிடம் வந்தான். "அண்ணே, என் ஆட்டத்துல என்ன குறை? சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்."

"குறை இல்லப்பா."

"அப்புறம்?"

நான் சாக்கில் கிடந்த அவன் காலணியைப் பார்த்தேன். "சரிண்ணே, வர்றேன்" என்று பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தான்.

நான் ஊ சான் ட்வேயிடம் சென்றேன். "சயா, மாவ்பிப் பையனை ஏன் விட்டீங்க? அவனை வச்சுத்தானே மத்தவங்களை அளந்தோம்?"

"வேணாம், கோ நாதன்."

"காரணம் சொல்லுங்க."

"வேணாம்னா வேணாம்தான்." வாளியை நிமிர்த்தி, அதற்குள் குடையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அத்தனை ஆண்டுகளில் அவர் எனக்கு அப்படி முதுகைக் காட்டியது அதுவே முதல் முறை.

எடுத்த வகுப்பு சிறக்கவில்லை. ஒருவன் முழங்கால் போய் ஊர் திரும்பினான். இருவரை வேறு கழகம் இழுத்துக்கொண்டது. டாலாக் குறும்பன் பதிலாளாக உட்கார்ந்து உட்கார்ந்து உடல் பெருத்தான். நடுக்களம் வெறிச்சோடிக் கிடந்தது. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் எனக்கு அந்தச் சாக்கு நினைவுக்கு வரும்.

அடுத்த ஆண்டு நான் ஓய்வுபெற்றேன். இளையவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்ட நாளின் மாலையில் ஊ சான் ட்வே என்னைத் தாமுவேச் சந்தையோரத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனார். தாழ்ந்த முக்காலிகளில் அமர்ந்தோம். எனக்குப் பிடித்த கடுந்தேநீரை அவரே சொன்னார். பரிசு கொடுப்பவரைப் போல முன்னால் சாய்ந்தார்.

"பசங்க கேட்டாங்களே, எப்படி ஆள் எடுத்தீங்கன்னு. ஒண்ணு உனக்கும் சொன்னதில்லை. பகோடாவுக்கு எதுக்குக் கூட்டிப் போனேன்னு நினைச்சே?"

"கும்பிடத்தான்."

"கும்பிடறது அவனுங்க. நான் பாக்கறது." குரலைத் தாழ்த்தினார். "அட்டையில இருக்கிற பிறந்த தேதிக்கு என்ன கிழமைன்னு நூறாண்டு நாட்காட்டியில பாத்து வச்சுக்குவேன். அங்க போய், 'தண்ணி ஊத்திட்டு வாங்க'ன்னு மட்டும் சொல்லிட்டுத் தூரமா நிப்பேன். அட்டையில எவனும் பொய் சொல்லுவான். புத்தர் முன்னால எவனும் தம்பியோட கிழமைக்கு ஊத்த மாட்டான். கை தானா தன்னோட மூலைக்குப் போயிடும். எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன் தெரியுமா?"

வியந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். இத்தனை காலம் அருகிலிருந்தும் எனக்குத் தெரியவில்லை. அடுத்த கணம் செல்வம் நினைவுக்கு வந்தான்.

"மாவ்பிப் பையனும் அப்படித்தானா, சயா?"

"அவனேதான். எனக்கும் மனசு கேக்கலை. ஆனா அட்டை வியாழக்கிழமைங்குது. அவன் அதுக்குரிய எலி மூலையைத் திரும்பிக்கூடப் பாக்கலை. நேரா பக்கத்து மூலை. நாகம். சனிக்கிழமை. கிண்ணம் கிண்ணமா ஊத்தறான், கண்ணை மூடிக்கிட்டு. அண்ணன்காரன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். அந்தத் தாடியைப் பாத்தப்பவே தோணிச்சு."

தேநீர்க் குவளையைக் கீழே வைத்தேன்.

"சயா, நாங்க பிறந்த கிழமைக்கு ஊத்தறதில்லை."

"பின்னே?"

"எந்தக் கிரகம் பிடிச்சிருக்கோ அதுக்கு ஊத்துவோம். சனி எங்களுக்குப் பொல்லாத கிரகம். ஏழரை வருஷம் பிடிக்கும். அப்ப எங்க போனாலும் சனியைத்தான் கும்பிடணும்னு வீட்டில சொல்லி அனுப்புவாங்க. எனக்குப் பிடிச்சப்ப எங்கம்மாவும் சொன்னாங்க."

அவர் உடனே ஒப்பவில்லை. "அப்பன் பர்மாக்காரன்தானே?"

"வளர்த்தது அம்மா."

கடைக்காரர் வந்து காலிக் குவளைகளை எடுத்துப் போனார். ஊ சான் ட்வே வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார்; மெல்லுவதற்கு வாயில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

"அவன் ஏன் சொல்லலை?" என்றார் கடைசியில்.

"நீங்க கேக்கலையே, சயா."

இதை நான் கடிந்து சொல்லவில்லை. எனினும் அவர் முகம் சட்டென்று முதிர்ந்துவிட்டது. எழுந்தார். "நாளைக்கே போ. கூட்டிட்டு வா. தேர்வு கீர்வு ஒண்ணும் வேணாம். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன், காலில விழுந்தாவது." கழகத்துக்குப் போய்ப் புத்தம்புதிய காலணி ஓர் இணை எடுத்து வந்து ஒரு பையில் போட்டுத் தந்தார். "அவன் கால் அளவு எனக்கு நினைவிருக்கு" என்றார்.

மறுநாள் மாவ்பிக்குப் பேருந்தில் சென்றேன். மடியில் அந்தப் பை. வழியெல்லாம் வயல்களில் நீர் நின்றது. முதலில் என்ன சொல்லித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சந்தையில் கறிவேப்பிலை விற்கும் தமிழம்மா என்று கேட்டதும் காட்டினார்கள். பேச்சியம்மாள் என்று பெயர். கோணிமீது கீரைக் கட்டுகளுக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் எழுந்து, ஈரக் கைகளைத் துடைத்துக் கும்பிட்டார்.

"பந்தடிக்கிற எடத்துல தமிழ் அய்யா ஒருத்தர் இருந்தாருன்னு சொன்னான். நீங்கதானா?"

"நான்தாம்மா. செல்வம் எங்கே?"

"அவன் இல்லைங்களே. போன மழை முடிஞ்சதும் ஏஜென்டு ஒருத்தன் கூட்டிட்டுப் போனான். தாய்லாந்துப் பக்கம், மீன்பிடிக் கப்பல்ல வேலைன்னு. போனதும் ஒரு தடவை ஆள்கிட்டச் சொல்லி விட்டான். அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியலை. ஏஜென்டும் ஊர்ல இல்லை." கீரைக் கட்டு ஒன்றை எடுத்து, காரணமின்றி வேறிடத்தில் வைத்தார். "பந்து கெடைச்சிருந்தா போயிருக்க மாட்டான். இங்க வந்தப்புறம் பந்தைத் தொடவே இல்லை, அய்யா. கூப்புட வந்த பசங்களையும் திட்டி அனுப்பிட்டான்."

நான் அந்தப் பையை முழங்காலுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

"ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன்" என்றார். "அவனுக்குக் கன்னி ராசி, ஏழரைச் சனி நடக்குது. அனுப்புறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். அங்க புத்தர் கோயில்ல கிரகமெல்லாம் வச்சிருப்பாங்க, சனி மூலையில தண்ணி ஊத்துடா, மறந்துடாதேன்னு. திரும்பி வந்தவன்கிட்டக் கேட்டேன், ஊத்துனியான்னு. பதிலே சொல்லலை, மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். மறந்துட்டான்னு நெனைச்சேன். அதனாலதான் கெட்டுப்போச்சுன்னு திட்டிட்டேன், அய்யா. ரொம்பத் திட்டிட்டேன். நீங்க அங்க இருந்தவரு. அவன் ஊத்துனானா?"

சந்தையில் அவ்வளவு இரைச்சல் இருந்தும் அந்தக் கேள்வி தனியாக நின்றது. நான் சொல்லக்கூடியது இரண்டே எழுத்தில் முடிவதாயிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. ஊற்றினான் என்பது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் வாலாக நீண்டு கிடந்தது இன்னொன்று.

"ஊத்தினான்மா" என்றேன். "கிண்ணம் கிண்ணமா ஊத்தினான். கண்ணை மூடிக்கிட்டு."

"பாத்தீங்களா?"

"பாத்தவர் சொன்னார்."

அவர் முகம் தெளிந்ததை நான் எப்படி எழுதுவது? முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம்புள்ளை சொன்னபடி செஞ்சிருக்கான். நாந்தான் பாவி, திட்டிட்டேன். இனிமே பயமில்லைங்க. எந்தக் கடல்ல இருந்தாலும் அந்தத் தண்ணி அவனைக் காப்பாத்தும்." ஒரு கட்டுக் கறிவேப்பிலையைத் தாளில் சுற்றி என் கையில் திணித்தார். வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை.

யாங்கோன் திரும்பியதும் கழகத்துக்கு நேராகச் சென்றேன். மழை பெய்துகொண்டிருந்தது. திடலில் அவ்வாண்டின் புதுமுகங்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். படக்கருவிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். ஊ சான் ட்வே வாளியின்மேல் இருந்தார். என்னையும் பையையும் பார்த்தார். பை இன்னும் கனமாக இருப்பதைக் கண்டுகொண்டார்.

நான் திடலோரம் கிடந்த அந்தச் சணல் சாக்கின் வாயை விரித்து, புதுக் காலணிகளை உள்ளே வைத்தேன்.